பச்சையாகத் தெரிந்த தெரு

நான் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தால் என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். உதவி செய்வதற்கு என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஈரம் எங்கே முடிகிறது, காய்ந்த தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதற்கு. "அப்படியே நில்லு, மிதிக்காதே. இந்த ஓரம் எப்படி உள்ள வாங்குது பாரு" என்பார். நான் கையில் மாப்போடு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கட்டின பாவத்துக்கு இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

கடற்கரை அளவை அலுவலகத்தில் அவருக்கு வேலை. அளவை என்றால் டேப்பும் கொடியுமாக வெயிலில் அலைகிற வேலை என்று நினைத்து, மாப்பிள்ளை உடம்புக்கு ஆகாதே என்று என் அம்மா கவலைப்பட்டாள். அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. இவர் கடற்கரைக்குப் போகாத கடற்கரைக்காரர். ஏசி அறையில், இரண்டு திரைகளுக்கு முன்னால், கழுத்து வலியோடு உட்கார்ந்திருப்பார். வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றனவே, அவை ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்ப வந்து படம் எடுக்கும். நாற்பது வருஷத்துப் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றில் மேகம் மறைக்காத படமாக, அலை ஏற்றமும் இறக்கமும் ஒத்துப்போகிற படமாகப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் நிலம் முடிகிற இடத்தில் கோடு போடுவார். ஒரு வருஷத்துக்கு ஒரு நிறம். எல்லாக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், கடல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரிந்துவிடும்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை. பழைய படத்தில் ஒரே ஒரு கட்டம் எங்கள் வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு மூன்றையும் விழுங்கிவிடும். அதில் பாதி தண்ணீர், பாதி மணல் என்று இருந்தால் கோட்டை எங்கே போடுவது? கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், இவர் வேறொன்று சொல்வார். கம்ப்யூட்டரோடு வாய்விட்டுச் சண்டை போடுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், அலை அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இப்ப ஏத்தம். கரை சரியா தெரியாது" என்பார்.

"எனக்குக் கரை தெரிய வேணாங்க. காத்து வாங்கினா போதும்."

செவிடன் காதில் ஊதின சங்குதான்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே படம்தான் பிழைப்பு. ஆனால் என் படத்துக்கு உரியவர் என் எதிரிலேயே படுத்திருப்பார், வலித்தால் கத்துவார். இவர் படத்தில் இருப்பவர்கள் கத்தினால் இவருக்குக் கேட்காது.

இந்த நிலையில், அரசாங்கம் கடற்கரை முழுக்க அளந்து மூன்று நிறமாகப் பிரிக்கச் சொன்னது. கடைசிப் பத்து வருஷப் போக்கைப் பார்க்க வேண்டும். கரை வளர்கிற இடம் பச்சை, அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம். தேய்கிற இடம் மஞ்சள், அங்கே கல்சுவர் கட்டுவார்கள். சுவர் கட்டியும் நிற்காது என்கிற இடம் சிவப்பு, அங்கே இருப்பவர்களைக் கிளப்பி வேறிடத்தில் குடிவைப்பார்கள். இவருக்கு ஒதுக்கின பகுதியில் என் தங்கை குடியிருக்கிற தெருவும் வந்தது. கடலைப் பார்த்த கடைசித் தெரு. என் தங்கை வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அலைதான்.

நேர்மை, நேர்மை என்று சிலர் இருப்பார்கள். இவர் அதில் ஒரு படி மேலே. மேலதிகாரியிடம் போய், "என் மச்சினி வீடு இருக்கு சார், வேற ஆளுக்குக் கொடுங்க" என்றிருக்கிறார். "வேற ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்? போய் வேலையைப் பாருங்க" என்று அவர் விரட்டிவிட்டார். சரி, பார்க்க வேண்டியதுதானே? இவர் தானாகவே ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். அறிக்கை வெளிவரும் வரை அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டாராம். வீட்டில் அந்தத் தெருவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்.

"சொந்தக்காரங்க தெரு. கண்ணால பார்த்தா மனசு சாயும். மனசு சாஞ்சா கோடு சாயும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆறு மாசம்."

அரசாங்க ஆறு மாசம் இரண்டு வருஷத்தைத் தாண்டியது. தங்கை கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நான் தனியாகப் போய் வந்தேன். "மாமாவுக்கு எங்க வீட்டுச் சாப்பாடு இறங்காதா?" என்று அவள் கேட்பாள். என்ன பதில் சொல்வது? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரைக் கட்டிக்கொண்டால் பிறந்த வீட்டு ஆட்களிடம் இப்படித்தான் பல்லைக் காட்ட வேண்டும். திரும்பி வந்து, "படி போயிடுச்சுங்க, பின்னாடி" என்று வாயெடுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். சின்னப் பிள்ளை மாதிரி, நிஜமாகவே விரலை வைத்து.

தங்கை வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். இடித்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் அள்ளிப்போவது அவர் தொழில். குரலும் லாரி ஹாரன்தான். என் வீட்டுக்காரருக்குக் 'கோடு' என்று பெயர் வைத்தது அவர்தான். போன் செய்தால் முதல் கேள்வியே "கோடு வீட்டுல இருக்கா?" என்பதுதான்.

அறிக்கை ஒருவழியாக வந்தது. ஒரு நோயாளியை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் என் போன் அலறியது. அவரை அனுப்பிவிட்டு எடுத்தால், தங்கை.

"அக்கா, எங்க தெரு பச்சையாம்! கரை வளருதாம்! பின்வாசப் படி கடலுக்குள்ள கிடக்கு, சமையக்கட்டுத் தரை விரிசல் விட்டுருக்கு, உன் வீட்டுக்காரரு வளருதுங்கறாரு! பக்கத்துத் தெருவுக்கெல்லாம் சுவராம், எங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையாம். மச்சினிங்கறதாலயே இப்படிப் பண்ணிட்டாரா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊர் ஏதாவது சொல்லிவிடுமோ என்று பயந்து, வேண்டுமென்றே தேய்மானத்தை ஒரு பங்கு குறைத்துப் போட்டிருப்பாரோ என்று. சாயங்காலம் கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. படத்துல இருக்கறதைத்தான் போட்டேன்" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் லாரிக்காரரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றும் முன்பே லாரிக்காரர் ஆரம்பித்தார்.

"என்ன சகலை, வானத்துல இருந்து பார்த்தா எங்க வீட்டுப் பின்னாடி மைதானமா தெரியுதா?"

அறிக்கை வந்துவிட்டதால் விரதம் முடிந்துவிட்டது அல்லவா, இவர் எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப்போனார். அறை என்ன, துணி மடிக்கிற இடத்தில் பாதி. நான்கு பேரும் நெருக்கியடித்து நின்றோம். இவர் திரையில் தெருவைப் பெரிதாக்கினார்.

"இங்க பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி கோடு இது. இப்ப இது. ரெண்டு பக்கமும் உள்ள போயிருக்கு, உங்க தெரு முனை மட்டும் வெளிய வந்திருக்கு. ஆத்து முகத்துவாரம் கிட்ட இருக்கு, அந்த மணல் இங்க சேருதுன்னு நினைக்கிறேன்."

லாரிக்காரர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இந்த வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்கே, இதையா மணலுங்கறீங்க?"

"ஆமா. காஞ்ச மணல் அப்படித்தான் வெளுப்பா தெரியும்."

"சகலை, அது பழைய சினிமாக் கொட்டகை."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லாரிக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தன் தோட்டத்தைக் காட்டுகிற மாதிரி விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "கொட்டகையை இடிச்சப்ப நான்தான் கொண்டாந்து கொட்டினேன். இந்தப் பக்கம் இருக்கறது பள்ளிக்கூடத்து மதில். அந்த முனை ஆஸ்பத்திரிப் பழைய கட்டடம். அண்ணி வேலை பார்த்த எக்ஸ்ரே ரூமெல்லாம் இதுலதான் கிடக்கு. கடல் உள்ள வர ஆரம்பிச்சதுல இருந்து கொட்டறேன். தெருவுல எல்லாரும் கொட்டறாங்க. இது இல்லேன்னா வீடு என்னைக்கோ போயிருக்கும்! அட, வானத்துல இருந்து பார்த்தாலும் தெரியுதா!"

என் வீட்டுக்காரர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

தங்கைக்குத்தான் முதலில் உறைத்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க கொட்டக் கொட்டத்தான் அங்க பச்சையாச்சா? வீட்டைக் காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோமா?"

நான் என் ஆளிடம் திரும்பினேன். இரண்டு வருஷமாக அடக்கிவைத்தது எல்லாம் வெளியே வந்தது. "நான் போன ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்தக் கல்லு மேலதான் நாங்க துணி காயப்போட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டீங்களா? காதைப் பொத்திக்கிட்டீங்க! எங்க வேலையில வெள்ளையா தெரியறதெல்லாம் எலும்பு இல்லங்க. உள்ள வச்ச தகடும் வெள்ளைதான். அதான் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருவோம், உள்ள ஏதாவது வச்சிருக்காங்களான்னு."

வெண்ணெயை வீட்டில் வைத்துக்கொண்டு வானத்தில் நெய் தேடியிருக்கிறார். அவர் எழுந்து, "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தெருவில் நுழைந்தார். தங்கை காபி போடப் போனாள், வேண்டாம் என்று நேராகப் பின்வாசலுக்குப் போய்விட்டார். பேன்ட்டை மடித்துக்கொண்டு கற்குவியல் மேல் ஏறினார். சினிமாக் கொட்டகையின் பச்சை வண்ணச் சுவர்த் துண்டுகள், கம்பி நீட்டின தூண்கள், டைல்ஸ் சில்லுகள் எல்லாவற்றையும் தாண்டி முனை வரை நடந்தார். பிறகு பக்கவாட்டில் இறங்கினார். அங்கேதான் நின்றுவிட்டார். நேராக வர முடியாத கடல், குவியலின் இரண்டு ஓரமும் சுற்றி வந்து, பின்னால் வீடுகளுக்கு அடியில் குடைந்திருந்தது. தங்கையின் சமையலறைச் சுவருக்குக் கீழே ஒரு பொந்து. குனிந்து கையை உள்ளே விட்டார். தோள் வரை போயிற்று. மேலே காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் அறிக்கையைத் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டாராம். "வெளியிட்டப்புறம் வந்து தப்புங்கறீங்க! எல்லாரும் என்னைக் கேட்க மாட்டாங்களா?" "என் பேரைச் சொல்லுங்க சார்" என்று இவர். பேச்சும் வாங்கிக்கொண்டார், வேலையையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? மச்சினி தெருவை மட்டும் நேரில் பார்த்தால் ஓரவஞ்சனையாம். கரையோரம் இருக்கிற எல்லாத் தெருவையும் நடந்தே பார்க்க வேண்டுமாம். முன்பு கடற்கரைக்கு வராத மனிதர் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. தோலுரிந்த மூக்கோடு, சட்டைப் பையில் மணலோடு சாயங்காலம் வந்து நிற்பார். வாஷிங் மெஷின் ஒருமுறை அடைத்துக்கொண்டது. எதைச் செய்தாலும் ஒரு அளவே கிடையாது.

தங்கை வீட்டில் எல்லோருக்கும் மஞ்சள் என்பது முடிவாகிவிட்டது. பச்சை தப்பு என்றால் அடுத்தது மஞ்சள்தானே? லாரிக்காரர் கல்சுவருக்குக் கல் ஏற்ற இன்னொரு லாரி பிடிக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். தங்கை சமையலறைக்குப் புது டைல்ஸ் பார்த்து வைத்தாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

ஒருநாள் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வாசற்படியில் நிற்கவில்லை. ஈரத்தைப் பார்க்கவில்லை. மணல் காலோடு நடுத்தரையில் மிதித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தார்.

"சிவப்பு" என்றார்.

"யார் வீடு?"

"தெரு முழுக்க."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "எவ்வளவு வித்தியாசத்துல?"

"ஒரு கட்டம்."

"கோட்டை ஒரு கட்டம் தள்ளிப் போட்டா?"

"மஞ்சள்."

"போடுங்களேன்." என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. "எத்தனை கோடு போட்டிருப்பீங்க, எத்தனை தடவை கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்ல நீங்க ஒண்ணு போட்டிருப்பீங்க. இந்த ஒரு தடவை அவளுக்காகப் போடுங்க. அவ கட்டின வீடுங்க அது. யாருக்கும் தெரியாது."

"போடலாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போட்டா சுவர் வரும். சுவர் வந்தா உன் தங்கச்சி நிம்மதியா தூங்குவா. அடியில மண்ணே இல்லம்மா. நான் கையை விட்டுப் பார்த்தேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடல் மேல் வருகிற ஆத்திரத்தைக் கடலிடம் காட்ட முடியுமா? இவரிடம்தான் காட்டினேன். இந்த நேர்மைதானே அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டது என்று கத்தினேன். ஆமாம் என்றார். ஆமாம் என்று சொல்லிவிடுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? உட்கார்ந்து அழுதேன்.

தங்கையிடம் அவரே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். லாரிக்காரர் முதல்முறையாகக் குரல் இல்லாமல் நின்றார். தங்கை கேட்டுவிட்டு, புது டைல்ஸ் மாதிரியை மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாள்.

"பச்சைன்னப்பவே பேசாம விட்டிருக்கணும் மாமா. வீட்டுலயாவது இருந்திருப்போம்."

நாங்கள் கிளம்பும்போது அவள் வாசல் வரை வரவில்லை.

அரசாங்கம் வேறு இடம் கொடுக்கும் வரை இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் அறை அவர்களுக்கு. கம்ப்யூட்டர் எங்கள் படுக்கையறைக்கு வந்து பீரோவின் பாதிக் கதவை மறைத்துக்கொண்டது. தங்கை இவரோடு பேசுவதில்லை. இவர் எதிரிலேயே நின்றாலும் என்னைப் பார்த்து, "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பாள். இவரும் என்னைப் பார்த்து, "சக்கரை கம்மியா போடச் சொல்லு" என்பார். ஒரு மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நான் தபால்காரி. லாரிக்காரர் மட்டும் பழையபடி சகலை, சகலை என்று பேசினார். ஆனால் கோடு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

தெருவை இடிக்க ஆள் வருவார்கள் என்று அறிவித்தார்கள். "என் வீட்டை எவனும் தொட வேணாம், நானே இடிச்சுக்கறேன்" என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார். ஜன்னல், கதவு, தண்ணித் தொட்டி எல்லாம் கழற்றி எங்கள் மொட்டை மாடியில் ஏற்றினார். சுவரை இடித்தார். தங்கை ஒருநாளும் பார்க்கப் போகவில்லை.

கடைசி நாள் மத்தியானம் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் வாய் வரை நிறைந்திருந்தது. செங்கல், சமையல் மேடையின் கறுப்புக் கல், குளியலறை நீல டைல்ஸ். எங்கள் சின்னத் தெருவில் அது நின்ற நிலையில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியவில்லை. லாரிக்காரர் கீழே இறங்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சகலை, கொஞ்சம் வெளிய வாங்க."

இவர் வாசலுக்கு வந்தார்.

"இதை எங்க கொட்டட்டும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக லாரி நிறைந்தால் போவதற்கு அவருக்கு ஒரே இடம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அட்டவணையை எடுக்கிற மனிதரிடம் இதற்கு அட்டவணை இல்லை.

தங்கை உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள். நேராக அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, லாரியைச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"போங்க சகலை. இடத்தை நேர்ல பார்த்துக்கிட்டே போவோம்."

லாரி பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, திணறித் திரும்பியது. சமையல் மேடைக் கல் மேலே ஆடிக்கொண்டே போயிற்று. முனை திரும்பும் வரை தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.